குழாய் நீரும் தோட்டக் குளமும்

கூட்டுறவு இயக்கத்தில் ஈடுபட்டோர் பெரிய திட்டங்களைப் பற்றிப் பேசுவதில் காட்டும் ஆர்வத்தைச் சிறிய காரியங்களைச் செம்மையாகச் செய்து முடிப்பதில் காட்டுவதில்லை என்பது பலரும் கூறும் குறை. அக்குறை முற்றிலும் பொய்யன்று. கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணை எத்தனை என்பவற்றையெல்லாம் துருவித் துருவி ஆராயும் நாம், அக்கடனால் வாங்கப்படும் உயிர்ப்பொருள் எந்த நீரில் வாழப் போகிறது என்பதை ஆராய்வதில்லை. வீட்டுத் தோட்டத்திலுள்ள சிறு குளத்திற்கோ, சிமெண்டுத் தொட்டிக்கோ குழாய் நீரை விடுமுன் அதனைப் பக்குவப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இச்செய்தியில் அங்கத்தினர்களின் பணமும், ஊராரின் உடல்நலமும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன.

முன்னாளில் தோட்டத்துக் குளத்திற்குக் கிணற்று நீரும், வாய்க்கால் நீரும், மழை நீருமே வந்தன. அந்நீரில் மருந்து ஏதும் கலப்பதில்லை. ஆதலின் நீரை அப்படியே விட்டாலும் மீனுக்குக் கேடு வந்ததில்லை. இன்று நிலைமை வேறு. காவிரி முதலிய ஆறுகளிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வாயிலாக நெடுந்தூரம் நீர் வருகிறது. 2019ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கத்திற்குப் பின்னர்ச் சிற்றூர்களிலும் வீடுதோறும் குழாய் வைக்கும் பணி விரைவு பெற்றது. அதே காலத்தில், 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தின்கீழ், வீட்டுப் புறக்கடையில் வண்ண மீன் வளர்ப்பதற்கும் உதவி வழங்கப்படலாயிற்று. சென்னைக் கொளத்தூர் இவ்வாணிபத்திற்குப் பெயர் பெற்ற இடம். தறி ஓய்ந்திருக்கும் மழைக்காலத்தில் சிறு வருவாய் கிடைக்குமே என்று எண்ணும் நெசவாளக் குடும்பங்களும், தாமரை, அல்லி ஆகியவற்றைத் தொட்டியில் வளர்த்து விற்கும் தோட்டக்காரர்களும் இத்துறையில் நாட்டம் கொண்டிருப்பது வரவேற்கத் தக்கதே. ஆனால் குழாய் புதிது, மீனும் புதிது. இவ்விரண்டையும் ஒன்று சேர்க்கும் முறையை யாரும் கற்பிக்கவில்லை.

அதன் விளைவு என்ன? காலையில் குழாயைத் திறந்து குளத்தில் விட்டுவிட்டு வேலைக்குச் செல்கிறார்கள். மாலையில் வந்து பார்த்தால் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறுகின்றன. சில மல்லாந்து மிதக்கின்றன. நோய் வந்துவிட்டதென்று எண்ணி மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். தீனி கெட்டுவிட்டதென்று தீனி விற்றவரோடு சண்டையிடுகிறார்கள். குஞ்சு கொடுத்த சங்கத்தின் மீது புகார் எழுதுகிறார்கள். கடன் தவணை மட்டும் நிற்பதில்லை.

நிற்க. காரணம் குழாய் நீரிலுள்ள குளோரின்தான் என்று தெரிந்துகொண்டவர்களிலும் சிலர், அதற்குக் காணும் பரிகாரம் நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. “பஞ்சாயத்துத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவதைக் குறைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்” என்று ஒரு சங்கத்தின் பொதுப்பேரவையில் தீர்மானம் கொண்டுவர முயன்றதை நாம் அறிவோம். மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தியவன் கதையாக இஃது முடியும். நம்முடைய கருத்தைத் தெளிவாகவே கூறிவிடுகிறோம்: குடிநீரில் குளோரின் இருந்தே தீர வேண்டும், குளத்து நீரில் அஃது இருத்தலாகாது. முன்னதைச் செய்வது பஞ்சாயத்தின் கடமை. பின்னதைச் செய்வது குளம் வைத்திருப்பவரின் கடமை. அக்கடமையை எளிதாக்கிக் கொடுப்பது கூட்டுறவுச் சங்கத்தின் கடமை.

குளோரின் ஏன் வேண்டும்?

அழுக்கு நீரே வாந்திபேதிக்கு வழி என்பதை 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் எடுத்துக் காட்டினார். எனினும் நீரில் மருந்திட்டுக் கிருமிகளைக் கொல்லும் வழக்கம் ஊரளவில் நிலைபெற மேலும் அரை நூற்றாண்டு சென்றது. இங்கிலாந்தில் லிங்கன் நகரில் குடற்காய்ச்சல் பரவியபோது 1905இல் குளோரின் மருந்து குடிநீரில் இடப்பட்டது. அமெரிக்காவில் ஜெர்சி நகருக்கு நீர் வழங்கும் தேக்கத்தில் 1908இல் ஜான் லீல் என்ற மருத்துவர் இம்முறையைத் தொடர்ந்து கையாளத் தொடங்கினார். “குடிக்கும் நீரில் இரசாயனம் கலப்பதா?” என்று அன்றும் கூக்குரல் எழுந்தது, வழக்கும் நடந்தது. முறை தக்கதே என்ற முடிவு வந்தபின், பிற நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதைப் பின்பற்றின. குடற்காய்ச்சலால் மடிந்தோர் தொகை அந்நகரங்களில் பெரிதும் குறைந்தது.

இவையெல்லாம் பிற நாட்டுக் கதைகள் என்று ஒதுக்கிவிட வேண்டா. காலராக் கிருமியில் ஓ139 என்னும் புதிய வகை 1992ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நமது சென்னையில்தான். அங்கிருந்து அது வங்காளம் வரை பரவிற்று. ஊர்க் குழாய் எங்கேனும் உடைந்து சாக்கடையோடு உறவு கொண்டால், குழாயின் கடைசி வீட்டுக் குழந்தையைக் காப்பது நீரில் மிஞ்சியிருக்கும் சிறிதளவு குளோரின் ஒன்றே. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்று கூறுகிறது. வைரஸ் நோய்க்கு எதிரான காப்பு வேண்டுமிடத்து 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. மழை வெள்ளத்திற்குப் பின்னும், வயிற்றுப்போக்குப் பரவும் காலத்திலும், மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய நாளிலும் மருந்தின் அளவு கூடுதலாகவே இருக்கும். அஃது அவ்வாறு இருப்பதுதான் முறை. பத்து வீட்டு மீன்களுக்காக ஆயிரம் வீட்டுக் குழந்தைகளின் காப்பைத் தளர்த்த எந்தக் கூட்டுறவாளரும் கை தூக்கலாகாது.

மனிதனுக்குக் காப்பு, மீனுக்கு நஞ்சு

நாம் குடிக்கும் நீரிலுள்ள சிறிதளவு குளோரின் நமது வாயிலும் வயிற்றிலும் உள்ள பொருள்களோடு சேர்ந்து விரைவில் அழிந்துவிடுகிறது. மீன் நீரைக் குடித்து வாழ்வதன்று. நீரைச் சுவாசித்து வாழ்வது. அதன் செவுளில் இரத்தத்திற்கும் நீருக்கும் இடையே மிக மெல்லிய சவ்வு ஒன்றே திரையாக உள்ளது. இரவும் பகலும் இடைவிடாமல் நீர் அச்சவ்வைத் தடவிச் செல்கிறது. குளோரின் அதனை எரித்துப் புண்ணாக்குகிறது. புண்பட்ட செவுள் பிராணவாயுவை ஏற்க இயலாமற் போகிறது. ஆகவே, நீரில் பிராணவாயு நிறைந்திருந்தும் மீன் மூச்சுத் திணறி இறக்கிறது.

எவ்வளவு குளோரின் இருந்தால் கேடு? நன்னீரில் வாழும் உயிர்களைக் காப்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்துள்ள வரம்பு, ஒரு மணி நேரச் சராசரியாக லிட்டருக்கு 0.019 மில்லிகிராம்; நான்கு நாட் சராசரியாக 0.011 மில்லிகிராம். நமது குடிநீரில் குறைந்த அளவாக இருக்க வேண்டிய 0.2 மில்லிகிராமே இவ்வரம்பைப் போல் பத்து மடங்குக்கு மேற்பட்டது என்பதை நோக்குக. மனிதருக்குக் குறைந்தபட்சம் எதுவோ, அதுவே மீனுக்கு அளவு கடந்த நஞ்சு. இதில் பஞ்சாயத்தின் பிழை ஏதுமில்லை.

“பல ஆண்டாக நேரே குழாய் நீரைத்தான் விடுகிறேன், ஒரு மீனும் சாகவில்லையே” என்று சொல்லும் அன்பர்கள் உண்டு. அவர்கள் கூறுவது பொய்யன்று. குளத்துச் சேறும், பாசியும், அழுகிய இலையும் குளோரினில் ஒரு பங்கை உண்டுவிடும். குளம் பெரிதாகவும் விட்ட நீர் சிறிதாகவும் இருந்தால் மீன் தப்பிவிடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 9,000 லிட்டர் நீருள்ள குளத்தில், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் உள்ள குழாய் நீரை 1,000 லிட்டர் விட்டால், பத்தில் ஒன்றாகக் கலந்தபின்னும் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரை நிற்கக்கூடும். அதுவும் மேற்கூறிய வரம்புக்கு இரு மடங்குக்கு மேல். நேற்று மருந்து குறைவாக இருந்ததால் மீன் தப்பிற்று. நாளை மருந்து கூடுதலாக இருக்கும் நாளில் தப்புமா? ஆழம் தெரியாமல் காலை விடலாகாது என்ற பழமொழி குளத்துக்கு நீர் விடுவோர்க்கும் பொருந்தும்.

இறந்த மீன் கண்ணுக்குத் தெரியும். தெரியாத இழப்பு ஒன்றும் உண்டு. மீன் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியாவைத் தீங்கற்றதாக மாற்றும் நல்ல நுண்ணுயிர்கள் குளத்துக் கல்லிலும், சல்லியிலும், வடிகட்டியிலும் குடியிருக்கின்றன. குளோரின் நல்லுயிர், தீயுயிர் என்று பார்ப்பதில்லை. இவை மடிந்தால் நீர் தெளிவாகத் தோன்றியவாறே சில நாட்களில் அம்மோனியா பெருகும். அப்போது சாகும் மீனுக்கும் முன்பு விட்ட குழாய் நீருக்கும் உள்ள தொடர்பு யார் கண்ணிலும் படுவதில்லை. வடிகட்டியைக் குழாயடியில் வைத்துக் கழுவும் வழக்கமும் இதனாலேயே தவறானது. குளத்து நீரை ஒரு வாளியில் எடுத்து அதில் அலசுவதே முறை.

நெசவாளர் அறிந்த நோயும் மருந்தும்

இவ்விதழைப் படிக்கும் நெசவாளர்கள், குளோரின் நமக்கு அந்நியமானதன்று என்பதை உணர வேண்டும். ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் துணியை வெளுக்கப் புல்வெளியில் மாதக்கணக்கில் வெயிலில் விரித்து வைத்தனர். 1785இல் பெர்த்தொலே என்னும் பிரெஞ்சு அறிஞர் குளோரின் துணியை வெளுக்கும் என்று காட்டினார். 1799இல் சார்லஸ் டெனன்ட் என்பவர் அதனைச் சுண்ணாம்போடு சேர்த்துத் தூளாக்கி உரிமை பெற்றார். அத்தூளே இன்று ஊர்த் தொட்டியில் இடும் பிளீச்சிங் பவுடர். டெனன்ட் இளமையில் ஸ்காட்லாந்தில் ஒரு நெசவாளரிடம் தொழில் பயின்றவர் என்பது நாம் பெருமையோடு நினைக்கத் தக்க செய்தி. ஆக, குடிநீரைக் காக்கும் இம்மருந்து முதலில் நெசவுத் தொழிலுக்காகவே பிறந்தது.

மருந்துக்கு மாற்றும் அத்தொழிலிலேயே உண்டு. வெளுத்த நூலில் குளோரின் எஞ்சி நின்றால் நூல் இற்றுப்போகும். பின்னர் ஏற்றும் சாயமும் மங்கும். ஆதலின், வெளுத்தபின் நூலை ஒரு கரைசலில் முக்கி எஞ்சிய குளோரினை முறிப்பர். அதற்கு வழங்கிய பொருள் சோடியம் தையோசல்பேட், கடை வழக்கில் “ஹைப்போ.” புகைப்படக்காரர்கள் படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்தியதும் இதுவே. அதே ஹைப்போதான் மீன் வளர்ப்போர் குழாய் நீரின் குளோரினை முறிக்கக் கையாளும் மருந்து. வண்ண மீன் கடைகளில் சிறு புட்டியில் அடைத்துக் கூடிய விலைக்கு விற்கும் குளோரின் நீக்கிகள் பலவற்றில் உள்ள சரக்கும் இதுவே.

செய்யும் முறை

முதலாவது, குளத்தின் கொள்ளளவை அறிக. நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை மீட்டரில் அளந்து பெருக்கி, வந்த தொகையை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். அடிக் கணக்கில் அளந்தால் ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 28 லிட்டர். இக்கணக்கு இல்லாமல் மருந்திடுவது அளவுகோல் இல்லாமல் பாவு ஓடுவதை ஒக்கும்.

இரண்டாவது, ஓய்வுத் தொட்டி ஒன்று வைத்துக்கொள்க. குழாய் நீரைத் திறந்த வாயுடைய அகன்ற தொட்டியில் பிடித்து, வெயிலும் காற்றும் படுமாறு ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை வைத்தால், குளோரின் பெரும்பாலும் நீங்கிவிடும். இடையிடையே கலக்கி விட்டாலோ, காற்றுக் குமிழி விடும் சிறு கருவியை ஓட்டினாலோ இன்னும் விரைவில் நீங்கும். மாடியிலுள்ள மூடிய பிளாஸ்டிக் தொட்டியில் இரவு முழுதும் நின்ற நீர் ஓய்வு பெற்ற நீராகாது. வெயிலும் காற்றும் படாத இடத்தில் குளோரின் எளிதில் அகலாது. செலவற்ற இவ்வோய்வு முறையே சிறு குளத்துக்கு நாம் முதற்கண் பரிந்துரைப்பது.

மூன்றாவது, அவசரம் நேர்ந்தால் ஹைப்போவை நாடுக. ஒரு பங்கு குளோரினை முறிக்க ஏறக்குறைய ஏழு பங்கு ஹைப்போப் படிகம் வேண்டும். அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள நீர் 1,000 லிட்டருக்கு 7 கிராம், 0.5 மில்லிகிராம் உள்ள நீருக்கு அதிற் பாதி. சிறிய எடையை நிறுப்பது கடினமாதலின், 70 கிராம் படிகத்தைக் கரைத்து ஒரு லிட்டர் கரைசலாக ஆக்கிக்கொள்க. அதில் 10 மில்லிலிட்டர், 1 மில்லிகிராம் குளோரின் உள்ள 100 லிட்டர் நீருக்குப் போதும். கரைசலை நெடுநாள் வைத்திராமல் அவ்வப்போது புதிதாகச் செய்துகொள்வது நலம். வேறு தொட்டியில் நீரைப் பிடித்து, மருந்திட்டுக் கலக்கி, அதன்பின் குளத்தில் விடுவதே பாதுகாப்பு. அளவு சற்றுக் கூடினால் தீங்கில்லை. அதற்காக அள்ளிக் கொட்டுதலும் கூடாது. ஹைப்போ கிடைக்காத இடத்தில் வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலமும் இவ்வேலையைச் செய்யும். அதற்கு ஒரு பங்கு குளோரினுக்கு இரண்டரைப் பங்கு போதும்.

நான்காவது, சோதித்துப் பார்த்த பின்னரே நீரை விடுக. மூக்கில் வாடை வராததனால் குளோரின் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. மீனைக் கொல்லும் அளவு நமது மூக்குக்கு எட்டாது. சோதனைக் குப்பியில் நீரை எடுத்து மருந்திட்டவுடன் தோன்றும் நிறத்தை அட்டையிலுள்ள நிறத்தோடு ஒப்பிடும் எளிய கருவி கடைகளில் கிடைக்கிறது. பழைய முறையில் மஞ்சள் நிறம் தோன்றும். இப்போது மிகுதியும் வழங்கும் டி.பி.டி. முறையில் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். சோதித்த நீரைக் குளத்தில் கொட்டாதீர்கள். அம்மருந்தும் மீனுக்கு ஆகாது.

ஐந்தாவது, சிறிது சிறிதாக விடுக. ஒரு முறையில் குளத்து நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதிருப்பது நலம். ஐந்தில் ஒரு பங்கை ஒருபோதும் தாண்ட வேண்டா. குளோரின் நீங்கிய நீராயினும், அதன் வெப்பமும் அமில காரத் தன்மையும் திடீரென மாறுபட்டால் மீன் தாங்காது. குளத்தில் குழாயைத் திறந்துவிட்டு வேறு வேலைக்குச் செல்வதைப் போன்ற ஆபத்தான பழக்கம் பிறிதில்லை. மறதியால் ஒரு மணி நேரம் ஓடிய நீர், ஓராண்டு உழைப்பைக் கொண்டுபோய்விடும்.

ஓய்வினால் நீங்காத குளோரின்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல நகரங்களில் குளோரினோடு அம்மோனியாவையும் வேண்டுமென்றே கலக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து குளோரமின் என்னும் பொருளாகி, நெடுந்தூரக் குழாயிலும் அழியாமல் நிற்கிறது. அத்தகைய நீரை இரண்டு நாள் வெயிலில் வைத்தாலும் பயனில்லை. நமது ஊர்த் திட்டங்களில் பொதுவாகப் பிளீச்சிங் பவுடரோ, ஹைப்போகுளோரைட் கரைசலோ, குளோரின் வாயுவோதான் இடப்படுகிறது. எனினும் நீர் எடுக்கும் ஆற்றிலேயே சாக்கடை கலந்து அம்மோனியா இருந்தால், இடும் குளோரின் அதனோடு தானே சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். ஆதலின், ஓய்வுத் தொட்டியில் வைத்த நீரையும் சோதித்து, “மொத்தக் குளோரின்” அளவைப் பார்த்த பின்னரே விடுதல் வேண்டும்.

ஹைப்போ இப்பொருளையும் உடைக்கும். ஆனால் உடைந்தபின் அம்மோனியா மிஞ்சும். நீர் வெதுவெதுப்பாகவும் காரமாகவும் இருக்கும்போது அம்மோனியாவின் கொடுமை மிகுதி. நமது கோடைக்காலக் குளங்கள் அவ்வாறுதான் இருக்கின்றன. எனவே அத்தகைய நீரை மிகச் சிறிய அளவில் விடுவதும், நுண்ணுயிர் வாழும் வடிகட்டியை நன்னிலையில் வைத்திருப்பதும் இன்றியமையாதவை.

குடிநீரைக் குளத்தில் விடுவது தகுமா?

இக்கேள்வியைக் கூட்டுறவாளர் என்ற முறையில் நாம் கேட்டே ஆக வேண்டும். குழாய் நீர் பொதுப் பணத்தில் சுத்தம் செய்யப்பட்டு வருவது. கோடையில் தெருக்கோடி வீட்டில் குடம் நிறையாதிருக்கும்போது, தெருமுனை வீட்டில் குளம் நிறைவது நியாயமன்று. மழை நீரே குளத்துக்கு முதல் உரிமையுடையது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது நினைவிருக்கலாம். கூரையின் முதல் மழை நீரை வெளியே விட்டுவிட்டு, அடுத்து வரும் நீரைத் தொட்டியில் சேர்த்தால் குளோரினும் இல்லை, உப்பும் இல்லை. கிணற்று நீர் இரண்டாவது. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பிராணவாயு குறைந்தும், சில இடங்களில் இரும்பு மிகுந்தும் இருக்குமாதலின், அதனைக் கல்லின்மேலோ படியின்மேலோ விழச் செய்து காற்றோடு கலக்கவிட்டுப் பின்பு சேர்க்க வேண்டும். இவ்விரண்டும் கிடைக்காதபோதே குழாய் நீரை நாட வேண்டும்.

வெயிலில் வற்றிய அளவுக்கு மட்டும் நீர் விட்டுக்கொண்டே இருப்பதும் போதாது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆண்டு முழுதும் வற்ற வற்ற ஊற்றிய குளத்தில் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆகவே பழைய நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது எடுத்துப் பூச்செடிக்கும் காய்கறிக்கும் பாய்ச்சிவிட்டுப் புது நீரை விட வேண்டும். மீன் கழிவு கலந்த அந்நீர் செடிக்கு நல்ல உரம். தோட்டக்கார அங்கத்தினர்க்கு இதனைச் சொல்லித்தர வேண்டுவதில்லை.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

இனி நமது முக்கியமான வேண்டுகோளுக்கு வருவோம். தனியொருவர் சோதனைக் கருவி வாங்கி, ஹைப்போவைத் தேடி அலைந்து, ஓய்வுத் தொட்டி கட்டுவதென்றால் மலைப்பாகவே இருக்கும். பத்துப்பேர் சேர்ந்தால் அது பத்தில் ஒரு பங்கு வேலை. இதற்காகத்தானே சங்கம்?

ஒன்று: மீன் வளர்ப்புக் கடன் மனுக்களில் தொட்டி, குஞ்சு, தீனி, மின் கருவி ஆகியவற்றுக்கெல்லாம் மதிப்பீடு காட்டப்படுகிறது, ஓய்வுத் தொட்டிக்கு ஒரு வரியும் இருப்பதில்லை. அவ்வரி இல்லாத மதிப்பீட்டை நிர்வாகக் குழு ஏற்கலாகாது என்பது நமது துணிபு. அத்தொட்டிக்குச் சிறிது பணம் கூடுதலாகக் கொடுப்பது கடனைப் பெருக்குவதன்று. கொடுத்த கடனைக் காப்பதாகும்.

இரண்டு: சங்கத்தில் ஒரு குளோரின் சோதனைக் கருவி இருக்கட்டும். அங்கத்தினர் முறைவைத்து எடுத்துச் சென்று திருப்பிக் கொடுக்கலாம். ஒரு கையெழுத்துப் புத்தகம் போதும்.

மூன்று: ஹைப்போவை மொத்தமாக வாங்கி, அளவு எழுதிய சிறு பொட்டலங்களாகச் சங்கம் விற்கலாம். சாயச்சாலை நடத்தும் நெசவாளர் சங்கங்களுக்கு இச்சரக்கு வரும் வழி தெரிந்தே இருக்கும். அவை தோட்டக்காரர் சங்கங்களுக்கு உதவட்டும். ஒரு சங்கம் மற்றொரு சங்கத்தோடு ஒத்துழைப்பதும் கூட்டுறவுக் கொள்கைகளுள் ஒன்றன்றோ?

நான்கு: பொட்டலத்தின்மேல் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுக. ஹைப்போ பார்ப்பதற்குக் கற்கண்டு போலிருக்கும். குழந்தைகள் கைக்கு எட்டலாகாது. பிளீச்சிங் பவுடரும் ஹைப்போவும் ஒரே அலமாரியில் அருகருகே இருத்தல் வேண்டா. சாயச்சாலையிலுள்ள அமிலம் பிளீச்சிங் பவுடரில் பட்டால் நச்சுவாயு கிளம்பும் என்பதையும் நினைவில் வைக்க.

ஐந்து: மேல்நிலைத் தொட்டியை இயக்குபவரோடு பகைமை வேண்டா, உறவு வேண்டும். தொட்டி கழுவும் நாளையும், மருந்து கூடுதலாக இடும் நாளையும் அவரிடம் கேட்டுச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். “இன்று குளத்திற்கு நீர் விட வேண்டா” என்ற ஒரு வரி பல ஆயிரம் மீன்களைக் காக்கும். மருந்தைக் குறைக்கச் சொல்லி மனுக் கொடுக்கும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

இவற்றுள் எதற்கும் அரசாங்க ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானித்து, அடுத்த மாதத்திலேயே நடைமுறைக்குக் கொண்டுவரலாம். ஒரு தொட்டி, ஒரு கருவி, ஒரு பொட்டலம், ஒரு பலகை: இவ்வளவே வேண்டுவன. ஊர்க் குழாயில் குளோரின் குறையாதிருக்கட்டும். குழந்தைகள் நோயின்றி வாழட்டும். நமது குளத்தில் குளோரின் சேராதிருக்கட்டும். மீன்களும் வாழட்டும், கடனும் தீரட்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைச் செய்து காட்டும் முதற் சங்கம் எது என்பதைக் காண ஆவலோடு காத்திருக்கிறோம்.